கூரை ஒழுகுகிறது, மற்றப்படி நலம்

நேற்றைய மழையில் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. மூத்தவன் எல்லாப் பாடங்களிலும் தேறிக் கணக்கில் மட்டும் தவறிவிட்டான். ஆசையாய் வளர்த்த பெட்டைக் கோழியைக் கீரி கொண்டுபோயிற்று. மற்றப்படி எல்லாரும் நலம்.

இப்படி ஒரு கடிதம் வந்தால், "இதற்காகவா ஒரு தபால் தலையை வீணாக்கினார்கள்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. பெரிய செய்திகளுக்கே பழகிப்போன கண்களுக்கு அடுப்படிச் செய்தி அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் நம் நீலகிரி மலையிலே, கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும், இத்தகைய அற்பச் செய்திகளையே பிடித்துக்கொண்டு நட்பைக் காப்பாற்றிய ஒரு தலைமுறை வாழ்ந்தது. அவர்களுள் எஞ்சியிருப்போர் சிலர் இன்றும் நம் ஆலயங்களில் பூசைக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வந்து அமர்ந்து செபமாலை சொல்வதைக் காணலாம்.

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களைப் பற்றியே சொல்கிறோம். வரலாறு வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்ததே. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே காப்பியும் தேயிலையும் பயிரிட்டு உழைத்த தமிழருள் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 என்று கணக்கிடப்பட்ட அம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது முடிவு. 1974-இல், இந்திரா காந்தி பிரதமராயிருந்தபோது, அந்த எஞ்சியவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணனும் தம்பியும் அமர்ந்து வயலைப் பாகம் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். அந்த மனிதரை யாரும் கேட்கவில்லை.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. கணவன், மனைவி, மக்கள் ஆகியோர் ஒரே குடும்பமாகக் கணக்கில் வந்தார்கள். பல வீடுகளில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்ததும் உண்டு. அந்த வேதனையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சிநேகிதிகளைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவள். ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவள். இவள் பிள்ளை பெற்றபோது வெந்நீர் வைத்தவள். அவள் வீட்டில் அரிசி தீர்ந்தபோது இவள் ஒரு கொத்து அளந்து கொடுத்தாள். இரத்த உறவு ஏதுமில்லாமலே ஒருத்தியை ஒருத்தி 'மதினி' என்றும் 'அக்கா' என்றும் அழைத்து வந்தார்கள். இந்த உறவுக்கு எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை. கூடவே அழைத்து வரும் உரிமையை எந்தச் சட்டமும் தரவில்லை. ஒருத்தியின் கணவர் இந்தியாவுக்கு எழுதிப்போட்டார், மற்றவளின் கணவர் இலங்கைக்கு எழுதிப்போட்டார், அவ்வளவே.

அட்டன், நானுஓயா, பதுளை போன்ற நிலையங்களிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன புகைவண்டிக்கு மலைநாட்டு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. வண்டி நகரும்போது மேடையில் நின்றவர்களும் உள்ளே இருந்தவர்களும் ஒப்பாரி வைத்து அழுதார்களாம். இழவு வீட்டில் அழுவதுபோல். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால் அது இராமேசுவரத்தில் கரை சேர்ந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குச் சென்ற கூலித் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைத்ததும் அதே மண்டபத்தில்தான். பாட்டன் போன வாசல் வழியாகவே பேரன் திரும்பி வந்தான்.

வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டான்டீ' என்னும் தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. கூடலூர், பந்தலூர் பக்கங்களில் காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்களுள் பெரும்பாலோர் இவர்களே. அங்கே இடம் கிடைக்காதவர்கள் கோத்தகிரியிலும் உதகையிலும் உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் காரட் தோட்டங்களிலும் கூலிக்குச் சென்றார்கள். 'சிலோன்காரர்' என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே 'இந்தியாக்காரர்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரர்' என்றார்கள். இரண்டு பெயரும் அன்பினால் வைத்தவை அல்ல.

வந்து இறங்கிய சில வாரங்களில், குடியிருக்க ஒரு கூரை அமைந்தவுடன், அவர்கள் செய்த முதற் காரியங்களுள் ஒன்று கடிதம் எழுதியது. எழுதியது என்று சொல்லிவிட்டோம், உண்மையில் எழுதுவித்தது. தாய்மாருள் பலருக்கு எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிக்கும் மகனையோ மகளையோ விளக்கடியில் உட்காரவைத்து, நீல நிற வான்கடிதத் தாளை விரித்து, அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும். அம்மா பேச்சுத் தமிழில் சொல்லுவாள். பிள்ளை பள்ளித் தமிழில் எழுத முயலும். "மாடு ஈன்றது என்று போடவா, கன்று போட்டது என்று போடவா?" என்ற வாதத்திலேயே கால்மணி நேரம் கழியும். தாளோ மடித்து ஒட்டுவது, உள்ளே வேறு தாள் வைக்கக்கூடாது, இடம் குறைவு. ஆகவே முடிவில் எழுத்துகள் சிறுத்து, ஓரத்தில் ஏறி, முகவரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள்கூட எழுத்தை மறவாமல் இருந்ததற்கு இக்கடிதங்கள் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

அவற்றில் என்ன எழுதினார்கள்? 'நலம், நலமறிய ஆவல்' என்ற முதல் வரிக்குப் பின் வருவதெல்லாம் நாம் தொடக்கத்தில் சொன்ன வகைச் செய்திகளே. அங்கே இறாத்தல் கணக்கில் நிறுத்த கொழுந்தை இங்கே கிலோக் கணக்கில் நிறுக்கிறார்கள். அங்கே பாண் என்றால் இங்கே ரொட்டி என்கிறார்கள். அங்கே நாம் சுட்ட ரொட்டியை இங்கே யாருக்கும் தெரியவில்லை. மார்கழியில் புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி படிகிறது. அவரைச் செடி கருகிவிட்டது. விறகு ஈரம், ஊதி ஊதிக் கண் போயிற்று. இரவில் கரடி கதவை உடைத்து உள்ளே வந்து எண்ணெய்ச் சாடியைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுப் போயிற்று. இந்தக் கடைசிச் செய்தியை அட்டனில் இருப்பவள் நம்பியிருக்கமாட்டாள். இலங்கையில் கரடி தாழ்நிலத்து வறண்ட காடுகளில்தான் உண்டு. மலைநாட்டில் சிறுத்தையைப் பார்த்திருப்பாள், கரடியைப் பார்த்திருக்கமாட்டாள். நீலகிரியிலோ எண்ணெய் வாசனைக்குக் கரடி வீடு புகுவது இன்றும் நடப்பதே.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். உறவினருக்கு எழுதும் கடிதமும் சிநேகிதிக்கு எழுதும் கடிதமும் ஒன்றல்ல. பிறந்த வீட்டுக்கு எழுதும்போது எவளும் 'குறையொன்றுமில்லை' என்றே எழுதுவாள். அண்ணன் கவலைப்படுவான், அண்ணி ஏளனமாய்ப் பேசுவாள், இந்தியாவுக்குப் போகாதே என்று தடுத்த மாமன் "நான் அப்போதே சொன்னேனே" என்பார். கௌரவம் காக்கவேண்டும். சிநேகிதியிடம் கௌரவம் எதற்கு? சோறு கருகியதையும், புதுச் சேலையில் சட்டிக்கரி பட்டதையும், கணவர் கூலியில் பாதியைச் சாராயக் கடையில் விட்டு வந்ததையும், காதுத் தோட்டை அடகு வைத்ததையும் அவளிடம்தான் சொல்லமுடியும். எழுதும் பிள்ளைக்குக் கேட்கக்கூடாத செய்தி என்றால் அதையும் சுற்றிவளைத்துச் சொல்லுவாள்: "தோட்டைப் பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறேன் என்று போடு." படிப்பவளுக்குப் புரிந்துவிடும்.

மறுபக்கமும் அவ்வாறே. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களில் கடும் உணவுப் பஞ்சம் வந்தது. அரிசியும் மாவும் கிடைக்காமல், கிழங்கையும் கீரையையும் தின்று பலர் மெலிந்தார்கள்; மாண்டவர்களும் உண்டு. அந்நாட்களில் அங்கிருந்து வரும் கடிதத்தில் "சோறு இல்லை" என்று எழுத எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் "கோழிகளையெல்லாம் விற்றுவிட்டேன்" என்றோ, "சின்னவன் பள்ளிக்கூடம் போக நடக்கமாட்டேன் என்கிறான்" என்றோ ஒரு வரி வந்துவிட்டால், கோழி ஏன் விற்கப்பட்டது, பையனால் ஏன் நடக்க முடியவில்லை என்று இங்குள்ளவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 'நலம்' என்ற சொல் மறைப்பதைக் கோழி சொல்லிவிடும். அற்பச் செய்தி என்று நாம் தள்ளுவதில் இவ்வளவு உண்மை ஒளிந்திருக்கிறது.

பிள்ளைகளின் படிப்பே இக்கடிதங்களில் பெரும்பங்கு இடம் பிடித்தது. தாம் பறித்த கொழுந்தைத் தம் மக்கள் பறிக்கக்கூடாது என்பது இருபுறத்துத் தாய்மாரின் வைராக்கியம். இவள் மகன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினால் அவள் மகள் ஓ.எல். எழுதுவாள், ஒன்றுக்கொன்று ஒப்பிடத் தெரியாமல் இருவரும் குழம்புவார்கள். தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைப் பள்ளி முறை வந்து, புகுமுக வகுப்பு போய், 'பிளஸ் டூ' பிறந்தபோது குழப்பம் இன்னும் கூடியிருக்கும். என்றாலும் "தேறிவிட்டான்", "தவறிவிட்டான்" என்ற இரண்டு சொற்கள் போதும். தேறினால் அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றப்படும். தவறினால் ஆறுதல் வரும். மகன் தவறிய செய்தியை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவள் கடலுக்கு அப்பாலுள்ள ஒருத்திக்கு எழுதி அழுவாள். இதுவும் ஒரு வசதியே. அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விடுமே!

புனிதர்களின் கடிதங்களிலும் இவ்வகைச் செய்திகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திருப்பலியில் வாசிக்கும் பகுதிகளையே கேட்டுப் பழகியதால், புனித சின்னப்பர் எந்நேரமும் விசுவாசத்தையும் நியாயப்பிரமாணத்தையும் பற்றியே எழுதியவர் என்று நினைக்கிறோம். அவர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். துரோவா நகரில் கார்ப்பு என்பவர் வீட்டில் தம் மேலாடையை விட்டுவந்ததைச் சொல்லி, வரும்போது அதையும் நூல்களையும் எடுத்துவரும்படி கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடச் சொல்கிறார். இன்னார் இன்ன ஊரில் நோயாய்ப் படுத்திருக்கிறார் என்று தெரிவிக்கிறார். முதல் திருமுகத்திலோ தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கைவைத்தியம் சொல்லுகிறார். சிறையில் சாவை எதிர்நோக்கியிருக்கும் அப்போஸ்தலருக்குக் குளிருகிறது. மறந்து வைத்த ஆடை நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்ல ஒரு நண்பர் இருக்கிறார். திருச்சபை இவ்வரிகளை அற்பம் என்று வெட்டி எறியவில்லை.

இதைவிடச் சுவையானது ஒன்று உண்டு. புனித பசிலியாரும் நசியான்சு கிரகோரியாரும் ஏதென்சு நகரில் ஒன்றாகப் படித்தவர்கள். சனவரி 2-ஆம் நாள் இருவரையும் சேர்த்தே திருச்சபை கொண்டாடுகிறது. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்று துருக்கியாகிய நாட்டின் வடபகுதியில், ஓர் ஆற்றங்கரை மலைக்காட்டில் பசிலியார் தவ வாழ்வு தொடங்கினார். கிரகோரியாரும் சில காலம் அங்கே சென்று தங்கினார். ஊர் திரும்பியபின் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் அந்த ஆசிரமத்தை அவர் கேலி செய்யும் அழகே தனி! கூரையும் கதவும் இல்லாத குடிசை. நெருப்பும் புகையும் காணாத அடுப்பு. கீரை முளைக்காத கீரைத் தோட்டம். வீட்டிலிருந்த எருக்குவியலை மலைபோல் வண்டியில் ஏற்றி, இருவரும் கழுத்துக் கொடுத்து இழுத்ததால் கையில் விழுந்த காய்ப்பு. ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பல் அதன்மேல் வழுக்கியதாம். நல்லவேளையாகப் பசிலியாரின் தாயார் வந்து காப்பாற்றியிராவிட்டால் இருவரும் பட்டினியால் செத்திருப்பார்களாம். திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர் மற்றொரு மறைவல்லுநருக்கு எழுதிய வீட்டு விபத்துச் செய்தி இது! அடுத்த கடிதத்திலேயே குரல் மாறுகிறது. விளையாட்டாய் எழுதியதை விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து செபித்த நாட்களையும், விறகு சுமந்து கல் உடைத்த நாட்களையும், தாம் நட்டுப் பசிலியார் நீர் ஊற்றிய ஒரு மரத்தையும் நினைத்து ஏங்குகிறார். பின்னாளில் இந்த நண்பர்களிடையே மனத்தாங்கலும் வந்தது. ஆனாலும் பசிலியார் மறைந்தபின் அவரைப் புகழ்ந்து பேருரை ஆற்றியவர் கிரகோரியாரே.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரையும் விட்டுவிட முடியாது. 1544-இல் மட்டும் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்து தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு அவர் இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். 1546-இல் அம்பொயினாத் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் தோழருக்கு எழுதும்போது, அவர்களுடைய கடிதங்களில் அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களைக் கத்தரித்து எடுத்துத் தம்மோடு எப்போதும் சுமந்து வருவதாகத் தெரிவித்தார். கடிதம் கொண்டுவரும் கப்பல் ஆண்டுக்கொரு முறை வந்தால் பெரிது என்ற காலம் அது.

நம் தாய்மாருக்கும் அத்தகைய காலம் வந்தது. 1983 சூலையில் இலங்கையில் கலவரம் வெடித்தது. மலைநாட்டுத் தமிழரும் அடிபட்டார்கள், வீடிழந்தார்கள். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. ஏற்கெனவே இந்தியக் குடியுரிமை பெற்றுப் புறப்படக் காத்திருந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். அதுவரை ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். கடிதங்கள் தாமதமாயின, சில வரவில்லை, தோட்டம் மாறிப்போனவளின் முகவரி தெரியவில்லை. கலவரச் செய்தி நாளேடுகளில் பக்கம் பக்கமாய் வந்தது. ஆனால் மேற்கணக்கு லயத்தில் மூன்றாம் காம்பரா எரிந்ததா இல்லையா என்பதை எந்த நாளேடு எழுதும்? அதைத்தானே இவள் அறிய விரும்பினாள்! 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் பெருமழையால் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் இதே கதைதான், திசை மட்டும் மாறி. பெரிய செய்தி கடல் கடந்து போய்விடும். அதற்குள் அடங்கிய சிறிய செய்திக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அங்கே தங்கியவர்களின் நாடற்ற நிலையும் மெல்ல மெல்லத்தான் தீர்ந்தது. 1988-இலும் 2003-இலும் இயற்றிய சட்டங்களால் அவர்கள் இலங்கைக் குடிமக்களானார்கள். இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம். பேரப்பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கிறார்கள், "கேட்குதா? கேட்குதா?" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. நாள்தோறும் காலையில் ரோசாப் பூப் படமும் வணக்கமும் வருகின்றன. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரோசாப் பூவில் செய்தி இல்லை. அனுப்பியவருக்கு நேற்றிரவு தூக்கம் வந்ததா என்று அது சொல்லாது. எண்பதைத் தாண்டியவர்கள் இந்தப் பூவைப் பார்த்துத் திருப்தியடைவதில்லை. படம் தெரிந்தவுடன் அவர்கள் கேட்பது, "அந்தக் கொய்யா மரம் இன்னும் நிற்கிறதா? சின்னவளுக்கு வரன் அமைந்ததா? கூரையை மாற்றினீர்களா?" என்பவையே.

அம்மா சொல்ல அன்று எழுதிய சிறுவரும் சிறுமியரும் இன்று ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில், குடும்ப அட்டைக்கும் திருமுழுக்குச் சான்றிதழுக்கும் நடுவே, மடிப்பில் கிழிந்த நீலத் தாள்கள் சில இன்னும் இருக்கக்கூடும். பெட்டியை ஒழிக்கும்போது சான்றிதழை வைத்துக்கொண்டு கடிதங்களை எரித்துவிடாமல் இருந்தால் நல்லது. தாயகம் திரும்பியோர் வரலாற்றை எழுத வருகிறவர்களுக்கு ஒப்பந்தத்தின் நகல் எங்கும் கிடைக்கும். 1974-இல் கோழி விற்ற செய்தி அந்தப் பெட்டியில் மட்டுமே கிடைக்கும்.

புனித அருளப்பர் தம் சிறு திருமுகங்கள் இரண்டின் முடிவிலும், எழுத வேண்டியது நிறைய இருந்தும் மை கொண்டு எழுத விரும்பாமல், நேரில் வந்து பேசவே எதிர்பார்ப்பதாகச் சொல்லி முடிக்கிறார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. மலை இறங்கி நாகப்பட்டினம் போய், கடல் கடந்து, யாழ்ப்பாணத்திலிருந்து அட்டன் வரை மீண்டும் மலை ஏறவேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது நீண்ட வழி. கடவுச்சீட்டுக்கும் பயணத்துக்கும் பணமும் வேண்டும். ஆனாலும் பேரன் கையிலிருக்கும் கைப்பேசியைப் பார்த்து, "அடுத்த மழைக்கு முன்னே ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள், மதினி" என்று இருபுறமும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.